முதலில் எதை வாங்குவது: ரோபோவா, ரப்பர் சீப்பா?

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து தம்பி கூப்பிட்டான். அவன் வீட்டுக்கு லாப்ரடார் குட்டி வந்து எட்டு மாதமாகிறது.

"அக்கா, சாம்பாரைத் தவிர எல்லாத்துலயும் முடி. ரோபோ வேக்குவம் ஒண்ணு முப்பதாயிரத்துக்கு ஆஃபர்ல வருது. போட்டுரட்டுமா?"

"சாம்பாரை நல்லாப் பார்த்தியாடா?" என்றேன்.

எங்கள் மடிப்பாக்கம் வீட்டில் லட்டு இருப்பது ஆறு வருடமாக. வெளிர்மஞ்சள் லாப்ரடார், 32 கிலோ. இரண்டு வருடத்துக்கு முன் மிளகு என்றொரு தெருப்பூனையும் வந்து சேர்ந்துகொண்டது, யாரிடமும் அனுமதி கேட்காமல். முடியைச் சமாளிக்க நான் வாங்கிய சாமான்களில் பாதி இப்போது பரணில் கிடக்கிறது. தம்பியும் அதே பாதையில் போகிறானே என்றுதான் அன்று முக்கால் மணி நேரம் போனில் பேசினேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

இணையத்தில் இதுபற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி கம்பளம் விரித்த, ஜன்னல் மூடிய, குளிர்நாட்டு வீடுகளுக்கானது. அங்கே முடி கம்பளத்துக்குள் புதைந்துகொள்ளும். அதைப் பிடுங்க உறிஞ்சும் சக்தி வேண்டும். நம் வீட்டில் டைல்ஸ், மொசைக், கிரானைட். தலைக்கு மேலே மின்விசிறி நாள் முழுக்க ஓடுகிறது. இங்கே முடி புதைவதில்லை, பறக்கிறது. கூடத்தில் கொட்டியது கட்டிலுக்கடியிலும் கதவிடுக்கிலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் போய்ப் பந்தாகச் சுருண்டு உட்காரும். அதனால் எதை முதலில் வாங்க வேண்டும் என்ற வரிசையே நமக்கு வேறு.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. லாப்ரடாருக்கு இரட்டை ரோமம்: மேலே விறைப்பான, நீர் ஒட்டாத முடி, அடியில் பஞ்சு போன்ற மெல்லிய முடி. உதிர்வதற்கான சைகையை உடல் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தின் நீளத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் 8 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். அதனால் அங்குள்ள நாய்க்கு வருடத்தில் இரண்டு முறை மொத்தமாகக் கொட்டும், நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். சென்னையில் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். போதாததற்கு வீட்டுக்குள் இரவு பதினோரு மணிவரை டியூப்லைட். லட்டுவின் உடம்புக்கு எது எந்தப் பருவம் என்று குழப்பம். வருடம் பூராவும் கொட்டுகிறாள். "சீசன் முடிஞ்சா நின்னுடும்" என்று யாராவது சொன்னால் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நாயின் மேல் இருக்கும்போதே பிடிப்பது

உதிர்ந்த முடியை மூன்று இடத்தில் பிடிக்கலாம்: நாயின் மேல் இருக்கும்போதே, தரையில், துணியில். முதல் இடத்தில் பிடித்தால் ஒரு கைப்பிடி. இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டால் வீடு முழுக்க. மூன்றாவதில் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். நான் பணம் செலவழித்தது இதற்கு நேர்தலைகீழாக. முதலில் வேக்குவம், பிறகு துணியில் ஒட்டிய முடியை எடுக்கும் ஒட்டுத்தாள் உருளை, கடைசியில்தான் சீப்பு.

சீப்பு என்றதும் கடையில் நாலைந்து வகை காட்டுவார்கள். மெல்லிய கம்பி பிரஷ் பூனைக்கும் கோல்டன் ரிட்ரீவர் போன்ற நீளமுடி நாய்க்கும் சரி. லாப்ரடாருக்கு அழுத்தித் தேய்த்தால் தோலில் கீறல் விழும், அடிமுடியும் முழுசாக வராது. இரும்புப் பல் வைத்த உதிர்முடிச் சீப்பு கில்லாடி. ஐந்து நிமிடத்தில் ஒரு பை நிறைய எடுத்துவிடும், பார்க்கவே திருப்தியாக இருக்கும். அந்தத் திருப்திதான் ஆபத்து. நிறுத்த மனம் வராமல் இழுத்துக்கொண்டே இருந்தால் நல்ல மேல்முடியும் அறுந்துபோகும். வாரம் ஒரு முறைக்கு மேல் நான் அதைத் தொடுவதில்லை. அசல் பிராண்டில் அதற்குப் பல ஆயிரம் ஆகிறது. மலிவுப் போலிகளின் பல் ஓரம் கூர்மையாக இருப்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

தினசரிக்கு என் தேர்வு ரப்பர் சீப்பு. உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் வகை, முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ரப்பர் முளைகள் இருக்கும். வட்டமாகத் தேய்த்தால் தளர்ந்த முடி மட்டும் வரும், தோலுக்கு வலிக்காது. இரும்புச் சீப்பைக் கண்டால் கட்டிலுக்கடியில் பதுங்கும் லட்டு, இதை எடுத்தால் தானே வந்து முதுகைக் காட்டுகிறாள். நாய் ஒத்துழைக்கும் கருவிதான் நல்ல கருவி. தினமும் 7, 8 நிமிடம், மொட்டைமாடியில் அல்லது பால்கனியில், மின்விசிறி இல்லாத இடத்தில். கையுறை மாதிரி வருவதும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் ஈரமானால் உலர நாளாகிறது. பூனைக்கு மட்டும் கையுறையே மேல். சீப்பு என்று தெரிந்தால் மிளகு ஓடிவிடுவான், தடவுகிறார்கள் என்று நினைத்தால் இருப்பான். பூனைக்கு இதில் கூடுதல் லாபம் உண்டு. நாம் எடுக்காத முடியை அவன் நக்கி விழுங்குவான். பிறகு அது முடியுருண்டையாக வாந்தியில் வரும், பெரும்பாலும் விடிகாலை நாலு மணிக்கு.

நமக்கும் ஒரு லாபம் உண்டு. தினமும் கை படும் நாயிடம் உண்ணி ஒளிந்திருக்க முடியாது. விரலிடுக்கு, காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டையின் அடி. உண்ணிக் காய்ச்சலுக்கு ஒருமுறை மருத்துவரிடம் அலைந்து செலவழித்தவர்களுக்கு இந்த 8 நிமிடத்தின் விலை தெரியும்.

குளியல்: மாதம் ஒரு முறை எங்களுக்குப் போதும். அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு முடி இன்னும் கொட்டும். நாய்களுக்கான ஷாம்புவே வேண்டும். நம் தோலின் அமிலத்தன்மை வேறு, அவற்றினுடையது வேறு. நுரையோடு இருக்கும்போதே ரப்பர் சீப்பைப் போட்டால் அடிமுடி சரசரவென்று வரும். குளியலறைத் தண்ணீர்ப் பொந்தில் வலை போட மறந்தால் அடுத்த செலவு பிளம்பருக்கு. குளித்த பின் அடிமுடிவரை உலர்த்துவது முக்கியம். சென்னைப் புழுக்கத்தில் அரைகுறையாக உலர்ந்த லாப்ரடாருக்குத் தோலில் ஈரப்புண் வந்துவிடும்.

வீட்டுக்கே வந்து குளிப்பாட்டிச் சீவிவிட்டுப் போகிறவர்கள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். வேகக்காற்று அடிக்கும் இயந்திரத்தை அவர்கள் பிடிக்கும்போது பறக்கும் முடியைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு தடவைக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு. இரண்டு மாதத்துக்கொரு முறை என்றால் நியாயமான செலவு. ஆனால் தினச்சீப்புக்கு அது மாற்றாகாது. பத்தாம் நாள் வீடு பழையபடி ஆகிவிடும்.

மொட்டை அடிப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். வெயிலுக்கும் நல்லது, முடியும் கொட்டாது என்று சொல்லுவார்கள். இரண்டும் தப்பு. இரட்டை ரோமம் வெயிலையும் தடுக்கிறது. நாய் உடம்பைக் குளிர்விப்பது முக்கியமாக நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான். மொட்டை அடித்தாலும் உதிர்வது நிற்காது, நீளமுடிக்குப் பதில் குச்சிமுடி உதிரும், அது துணியில் ஊசியாகக் குத்தும். சில நாய்களுக்கு முடி திட்டுத்திட்டாகத்தான் திரும்ப வளரும்.

தேங்காயெண்ணெய் வைத்தியமும் அப்படித்தான். கீழ்வீட்டு மாமி அன்போடு சொன்னார் என்று ஒரு வாரம் தடவினேன். உதிர வேண்டிய முடி உதிரத்தான் செய்தது, இந்த முறை எண்ணெயோடு சோஃபாவில் ஒட்டியது.

சாப்பாட்டில் ஓரளவு பலன் உண்டு. முடி என்பது புரதம். தினம் தயிர்சாதமும் பால்சாதமும் தின்னும் நாய்க்குப் பளபளப்பு போய் முடி பொசுபொசுவென்று கொட்டும். அமெரிக்கத் தீவனத் தரவிதிகள் வளர்ந்த நாயின் உணவில், ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், குறைந்தது 18 சதவீதம் புரதம் கேட்கின்றன. தயிர்சாதம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. முட்டை, கோழி, வாரம் இரண்டு நாள் முள் நீக்கிய வேகவைத்த மத்தி என்று மாற்றிய பிறகு லட்டுவின் மேல்முடியில் மாற்றம் தெரிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. முடி கொட்டுவது நிற்கவில்லை, குறைந்தது. டப்பாக்களில் வரும் முடிவளர்ச்சி மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் வாங்க மாட்டேன். வழுக்கைத் திட்டு, ஓயாத சொறிதல், உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி மெலிதல் இருந்தால் அது துடைப்பத்தால் தீரும் விஷயமில்லை. உண்ணி, பூஞ்சை, சொறிப்பூச்சி, தைராய்டு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தரையில்

இங்கேதான் முப்பதாயிரம் கேள்வி வருகிறது.

பூந்துடைப்பத்திலிருந்து தொடங்குகிறேன். முடி விஷயத்தில் அது எதிரி. பெருக்கினால் பாதி எழும்பிப் பறக்கும், மீதி துடைப்பத்திலேயே சிக்கும். அடுத்த அறையில் அதை உதறுவோம். ஈர மாப்பை நேரடியாகப் போட்டால் அதைவிட மோசம். முடி நனைந்து திரிதிரியாக உருண்டு தரையோடு ஒட்டும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா கண்டுபிடித்த உபாயம் இது: ஒரு பழைய பருத்தித் துணியை நனைத்து முறுக்கிப் பிழிந்து துடைப்பத்தின் மேல் சுற்றி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூலையிலிருந்து கூட்டுவது. துளி ஈரம்தான், சொட்டக் கூடாது. முடி துணியோடு வந்துவிடும். எந்தக் கடைச்சாமானும் வருவதற்கு முன்னால் பாதிப் பிரச்சினையை அவர்தான் தீர்த்தார்.

அதே தத்துவத்தில் வருவது தட்டையான மைக்ரோஃபைபர் மாப். காய்ந்த நிலையில் ஒரு முறை இழுத்தால் முடி, தூசி எல்லாம் ஒட்டிக்கொள்ளும்; பிறகு ஈரமாக இன்னொரு முறை. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. உறையைத் துவைக்குமுன் காயவைத்துச் சீப்பால் வழித்தெடுக்க வேண்டும் என்பது மட்டும் எரிச்சல்.

வயர் வைத்த பெரிய வேக்குவத்தில் எனக்கு அனுபவம் கசப்பு. 1400 வாட், உறிஞ்சும் சக்திக்குக் குறைவில்லை. ஆனால் பின்பக்கத்திலிருந்து வெளியேறும் காற்று, முன்னால் இருக்கும் முடியை நாம் போய்ச் சேருமுன் ஊதித் தள்ளிவிடுகிறது. டைல்ஸ் தரையில் முடியைத் துரத்திக்கொண்டு ஓடுவதுதான் மிச்சம். சோஃபா, மெத்தை, கார் சீட்டுக்கு மட்டும் நல்லது. கையில் பிடித்து ஓட்டும் பேட்டரி வேக்குவம் தரைக்கு இதைவிட மேல். அதன் அடியில் சுழலும் உருளை மென்மையான துணி உருளையா என்று பார்த்து வாங்க வேண்டும். விறைப்பான நார் உருளை தரையில் முடியை விசிறியடிக்கும். உருளையில் முடி சுற்றிக்கொள்ளுமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: லாப்ரடார் முடி குட்டை, அது சுற்றுவதில்லை. எங்கள் உருளையைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சுத்தம் செய்த ஒவ்வொரு முறையும் வெளியே வந்தது என் தலைமுடிதான். நாய்மேல் பழி போடுவதை அன்றோடு நிறுத்தினேன். நீளமுடி நாயோ பாரசீகப் பூனையோ இருந்தால் கதை வேறு.

ரோபோவுக்கு வருவோம். அதன் பலம் உறிஞ்சும் சக்தியில் இல்லை. மறக்காமல் தினமும் ஓடுவதில் இருக்கிறது. கட்டிலுக்கடியில் அது போகும், நாம் போக மாட்டோம். இருவரும் வேலைக்குப் போய், வீடு கூட்ட ஆளில்லாத குடும்பத்துக்கு அது உண்மையான உதவி. ஆனால் குப்பைப்பெட்டி சின்னது. லாப்ரடார் வீட்டில் இரண்டு அறை முடிவதற்குள் நிறைந்துவிடும், யாராவது காலி செய்ய வேண்டும். தானே காலி செய்துகொள்ளும் நிலையத்தோடு வாங்கினால் விலை ஏறுகிறது. ஏறக்குறைய இரண்டு செண்டிமீட்டருக்கு மேல் நிலைப்படி இருந்தால் பெரும்பாலானவற்றால் ஏற முடியாது. பழைய வீடுகளில் அறைக்கறை படி உண்டு. பூஜையறைக் கோலத்தை அதற்குக் குப்பையிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரியாது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளிவிடும். அப்புறம் சொல்லக் கூச்சமான விஷயம் ஒன்று. குட்டிநாய் கூடத்தில் ஆய் போயிருக்க, யாரும் பார்க்காமல் ரோபோ ஓடினால் அதை வீடு முழுக்கப் பூசிவிடும். கற்பனையில்லை. இது உலகம் முழுக்க நடந்த அவலம் என்பதால்தான் 2021-ல் ரூம்பா ஜே7 பிளஸ் என்ற ரோபோ வேக்குவம் வந்தபோது, செல்லப்பிராணியின் கழிவைக் கண்டு விலகிப் போகும், தவறினால் வேறு இயந்திரம் தருகிறோம் என்றே ஐரோபோட் நிறுவனம் விளம்பரம் செய்தது. முப்பதாயிரத்துக்குள் வருகிற எல்லாவற்றிலும் அந்தக் கண் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தம்பி வீட்டு நாய் இன்னும் ஒழுங்காகப் பழகவில்லை.

"டேய், முதல்ல அவன் வெளியே போய்ப் பழகட்டும். அப்புறம் ரோபோ" என்றேன்.

"ஐயோ, அதை நான் நினைக்கவே இல்லைக்கா."

துணியும் காற்றும்

சோஃபாவுக்கு நான் கண்டதிலேயே நல்ல கருவி நம் எல்லார் வீட்டுக் குளியலறையிலும் இருக்கிறது: தண்ணீர் தள்ளும் வைப்பர். சுத்தமான ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, அதன் ரப்பர் விளிம்பால் காய்ந்த சோஃபாவில் ஒரே திசையில் இழுத்தால் முடி கயிறுபோல உருண்டு வரும். நூற்றைம்பது ரூபாய். இடுக்குகளுக்கு, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை லேசாக ஈரப்படுத்தித் தடவினால் போதும். ஒட்டுத்தாள் உருளை சோஃபாவுக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது; ஒரு இருக்கைக்கு ஐந்தாறு தாள் போகும். அது கிளம்பும் நேரத்துக் கறுப்புப் பேண்டுக்கு. தாள் தீர்ந்த நாளில், பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பை உள்ளங்கையில் திருப்பிச் சுற்றிக்கொண்டு நான் சமாளித்ததுண்டு.

உறை போடுவதைப் பலர் கவனிப்பதில்லை. லாப்ரடாரின் குட்டைமுடி, தளர்ந்த நெசவில் ஊசிபோல் இறங்கும். இறுக்கமான நெசவில் மேலேயே நிற்கும். கெட்டிப் பருத்தி விரிப்பு, அல்லது பவானி ஜமுக்காளம் ஒன்றை நாய் படுக்கும் பக்கம் விரித்துவிட்டால் உதறி எடுத்துவிடலாம். தோல் சோஃபா துடைக்க எளிது, நகக்கீறலுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

துவைக்குமுன் மொட்டைமாடியில் உதறுவது கட்டாயம். முடியோடு மெஷினில் போட்டால் நனைந்து நெசவுக்குள் ஏறிவிடும், கூடவே பள்ளிச் சீருடைக்கும் பங்கு போகும். முன்பக்கக் கதவு மெஷின் என்றால் கீழ்மூலையில் உள்ள பம்ப் வடிகட்டியை மாதம் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். நான் முதல் தடவை திறந்தபோது உள்ளே ஒரு சின்ன எலி செத்துக் கிடக்கிறது என்று அலறினேன். முடிதான்.

காற்றுச் சுத்திகரிப்பான் முடிக்கான கருவியே இல்லை. அதிலுள்ள ஹெப்பா என்ற நுண்வடிகட்டி 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் முடி அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் தடிமன். அது காற்றில் நின்று வடிகட்டிவரை போய்ச் சேருவதில்லை, தரையில் விழுந்துவிடும். வீட்டில் யாருக்காவது தும்மல், இளைப்பு இருந்தால் மட்டும் அதை யோசிக்கலாம். ஏனென்றால் அலர்ஜி தருவது முடியல்ல. நாயின், பூனையின் எச்சிலிலும் தோல்செதிலிலும் இருக்கும் புரதம். முடி உதிராத நாய் வாங்கினால் அலர்ஜி வராது என்ற நம்பிக்கையில்தான் 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் வாலி கான்ரன் லாப்ரடாரையும் முடி அதிகம் உதிராத பூடில் இன நாயையும் சேர்த்து லாப்ரடூடுலை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வருந்தியும் பேசினார். நெதர்லாந்தில் 2012-ல் வந்த ஓர் ஆய்வு, இப்படி அலர்ஜி தராதவை என்று விற்கப்படும் இனங்களின் ரோமத்தில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை என்று காட்டியது. சுத்திகரிப்பானுக்கு வைத்திருக்கும் பணத்தைத் தொடுமுன் ஏசி வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் அதில் ஒரு கம்பளியே நெய்திருக்கும்.

இன்னும் நாய் வாங்காதவர்களுக்கு மட்டும் ஒரு இடைச்செருகல். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நம்மூர் நாய்களுக்குக் குட்டைமுடி, அடர்ந்த அடிரோமம் கிடையாது. உதிரும்தான், ஆனால் லாப்ரடார் வீட்டோடு ஒப்பிட முடியாது. ஓட இடம் வேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வேட்டைநாயை அடைத்துவிட்டு முடி குறைவு என்று மகிழ்வது அநியாயம். தெருநாய்க் குட்டியைத் தத்தெடுப்பது இரண்டுக்கும் நடுவான வழி.

தம்பிக்கு நான் போட்டுக்கொடுத்த கணக்கு: ரப்பர் சீப்பு, உதிர்முடிச் சீப்பு, தட்டை மாப், வைப்பர், இரண்டு விரிப்பு, வேகக்காற்றுக் குளியல் இரண்டு தடவை. எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரத்துக்குள். மீதியை அப்படியே வைத்திருக்கச் சொன்னேன். மூன்று மாதம் கழித்தும் கட்டிலுக்கடியில் முடிப்பந்து உருண்டால், அவன் மனைவிக்கும் அவனுக்கும் கூட்ட நேரமில்லை என்றால், அப்போது ரோபோ. அதற்குள் நாயும் பழகியிருக்கும். அவன் வீட்டில் நிலைப்படி இல்லை, அது சாதகம். வேலைக்கு ஆள் தினமும் வரும் வீடாக இருந்தால் ரோபோவுக்குப் பதில் அந்தப் பணத்தில் ஒரு பேட்டரி வேக்குவம் வாங்கி அவர் கையில் கொடுக்கச் சொல்லியிருப்பேன், முதுகு குனிய வேண்டாமே.

செலவே இல்லாத ஒரு வழியையும் கடைசியாகச் சொன்னேன்: படுக்கையறைக் கதவைச் சாத்திவைப்பது. ஒரு அறையாவது முடியில்லாமல் இருக்கும், தலையணையில் முகம் வைத்துத் தூங்கலாம்.

"உங்க வீட்டுல அப்படித்தானாக்கா?" என்று கேட்டான்.

ஆறு வருடத்துக்கு முன் இரண்டு ராத்திரி செய்து பார்த்தோம். வெளியே லட்டு அழுதாள். மூன்றாம் ராத்திரி என் வீட்டுக்காரர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். இதை எழுதும்போதும் கால்மாட்டில் போர்வைமேல் படுத்திருக்கிறாள். பக்கத்தில் வைப்பர் இருக்கிறது.